கேரம் மன்றங்களைக் கட்டிக் காத்தவர்களையும் மேடையேற்றுங்கள்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

2024 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்று திரும்பினார். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாயும், அவருடன் சென்று பதக்கம் வென்ற மித்ரா, நாகஜோதி ஆகிய இருவருக்கும் தலா 50 லட்சம் ரூபாயும் ஊக்கத்தொகையாக வழங்கியது. கேரம் ஆடுகிறவர்களை வேலையற்றவர்கள் என்று சொல்லிவந்த ஊரில், ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் அந்தத் தொகையை மேடையில் பெற்றுக்கொண்டதைப் பார்த்தபோது எங்களைப் போன்ற பழைய ஆட்டக்காரர்களுக்கு ஏற்பட்ட நிறைவை எழுத்தில் சொல்லிவிட முடியாது. அதற்காக ஆணையத்துக்கும் அரசுக்கும் முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த வெற்றியின் பின்னணியைக் குறித்தே இந்த மடலை எழுதுகிறேன். காசிமாவின் தந்தை வடசென்னையின் செரியன் நகரில் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்சி அளித்து வருபவர். வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொண்டே, மாலையில் பலகையைத் துடைத்துப் பவுடர் தூவி, தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கும் மனிதர்கள் வடசென்னையில் அவரைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள். 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்று, 1996இல் கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும் நம் சென்னைக்காரர்தான். 1988இல் சர்வதேச கேரம் சம்மேளனம் உருவானதும் சென்னையில்தான். ஒரே நகரம் இவ்வளவு தந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அரங்கங்களோ பெரிய பயிற்சிக்கூடங்களோ அல்ல. நற்பணி மன்றத்தின் பின்னறையிலும், படிப்பகத்தின் திண்ணையிலும், சங்கக் கட்டடத்தின் மாடியிலும் பலகைகளைப் போட்டு, பல பத்தாண்டுகளாக விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டவர்களே காரணம்.

ஒரு மன்றப் போட்டியை நடத்துவது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 64 பேர் பெயர் கொடுத்த ஒற்றையர் போட்டியில், தோற்றவர் வெளியேறும் முறையில், வெற்றியாளரைக் கண்டறிய 63 ஆட்டங்கள் நடந்தாக வேண்டும். ஒரு செட்டுக்கு 25 புள்ளி அல்லது எட்டு போர்டு (ஒருவருடைய காய்கள் எல்லாம் விழுந்து தீரும்வரை ஆடுவது ஒரு போர்டு) என்ற விதிப்படி மூன்று செட்டுகளும் ஆடினால், நான்கு பலகைகளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க முடியாது; ஆகவே முதற்சுற்றுகளை ஒரே செட்டாகச் சுருக்குவதா, இரண்டு வாரம் நீட்டுவதா என்பதை நடத்துபவரே முடிவு செய்து, அந்த முடிவால் வருத்தப்படுபவர்களின் கோபத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் மேலே நிழல் விழாதபடி விளக்கு தொங்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நடுவர் வேண்டும். சிவப்புக் காய் விழுந்தால் அதே அடியிலோ அடுத்த அடியிலோ ஆடுபவரின் சொந்தக் காயும் விழுந்ததா, ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொட்டதா, கை மூலைக்கோட்டைத் தாண்டியதா என்று கண் இமைக்காமல் பார்த்து, நண்பனாக இருந்தாலும் ஃபவுல் என்று சொல்லக்கூடிய நடுவர் அவர். நுழைவுக் கட்டணம் பரிசுத் தொகைக்கே சரியாகப் போய்விடும் என்பதால் பவுடர், தேநீர், மின்கட்டணம் எல்லாம் பெரும்பாலும் அமைப்பாளரின் கையிலிருந்தே செல்லும். அவர் வீட்டுப் பெண்கள் வெளியூரிலிருந்து வந்த ஆட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டதை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதிவைக்கவில்லை. நான் சாப்பிட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இவர்களில் பலர் நல்ல ஆட்டக்காரர்களும்கூட. போட்டி நடத்தும் நாளில் தாம் ஆட முடியாது என்பதால் சொந்த ஆட்டத்தைக் கைவிட்டவர்கள் அவர்கள். ரயில்வேயிலும் வங்கியிலும் எல்.ஐ.சி.யிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்ற ஆட்டக்காரர்களுக்கு அந்த வேலைக்கு வழி திறந்துவிட்ட முதல் சான்றிதழில் கையெழுத்திட்டவர் பெரும்பாலும் ஒரு மன்றத்தின் செயலாளராகவே இருப்பார்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பிறருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவரிடம் தமக்கென்று ஒரு சான்றிதழும் இல்லை. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்கு அரசு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் வழங்குகிறது. அது உயர்ந்த திட்டம். ஆயினும் அதற்கான தகுதி, போட்டிகளில் பெற்ற இடத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் போட்டிகளை நடத்தியவரையும், ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு நடுவராக அமர்ந்தவரையும் அந்த அளவுகோலால் பார்க்க வழியில்லை.

ஆகவே ஆணையத்திடம் நான் கேட்பது இதுதான். மாநில அளவிலான கேரம் போட்டிகளின் பரிசளிப்பு விழா எங்கு நடந்தாலும், அதே மேடையில் ஒவ்வோர் ஆண்டும் சில மூத்த மன்ற அமைப்பாளர்களையும், நடுவர்களையும், பட்டம் வெல்லாமலேயே பல தலைமுறைகளுடன் ஆடிவந்த முதிய ஆட்டக்காரர்களையும் பெயர் சொல்லி அழைத்து, சான்றிதழும் பதக்கமும் அணிவித்து மரியாதை செய்ய வேண்டும். அவர்கள் பெயர்களையும் பணிகளையும் ஆணையம் ஒரு பதிவேட்டில் நிலையாகக் குறித்துவைக்க வேண்டும். வறுமையில் இருப்பவர்களை ஓய்வூதியத் திட்டத்துக்குள் கொண்டுவரும் வகையில், அமைப்புப் பணிக்கும் நடுவர் பணிக்கும் தகுதி வரையறையில் இடமளிக்க வேண்டும். மூன்றில் முதலாவதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. இந்த ஆண்டே தொடங்கலாம்.

யார் வேண்டுமானாலும் தாம் போட்டி நடத்தியதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்வி எழும், அது நியாயமான கேள்வியே. ஆனால் சான்றுகள் இருக்கின்றன. மன்றங்களின் பரணில் பழைய பிட் நோட்டீசுகளும், குலுக்கல் எடுத்து எழுதிய சுற்று அட்டவணைகளும், நுழைவுக் கட்டணம் வரவு வைத்த நோட்டுகளும் இருக்கின்றன. ஆட்டக்காரர்களின் வீடுகளில் மன்றப் பெயரும் ஆண்டும் பொறித்த கேடயங்கள் இருக்கின்றன. மாவட்டக் கேரம் சங்கங்களும், தேசியப் பட்டம் வென்ற ஆட்டக்காரர்களும் கொண்ட சிறு குழுவொன்றிடம் பரிந்துரைகளைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒப்படைத்தால் போலிகள் நுழைவது கடினம். இந்த வட்டத்தில் யார் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

காலம் அதிகமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்ககால அமைப்பாளர்களில் எஞ்சியிருப்பவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். வாடகை ஏற ஏற மன்ற அறைகள் கடைகளாக மாறிவருகின்றன. அறை காலியாகும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது மேலே சொன்ன அந்த நோட்டீசுகளும் நோட்டுகளும்தான். ஆகவே பதிவேட்டுக்கான விவரங்களைத் திரட்டும் பணியை, விருது அறிவிப்புக்குக் காத்திராமல், சென்னை மாவட்டத்திலிருந்தாவது உடனே தொடங்குமாறு வேண்டுகிறேன். அதற்கு உதவ வடசென்னை மன்றங்களின் ஆட்டக்காரர்கள் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடசென்னைக் கேரம் ஆட்டக்காரர் ஒருவர்