ஆண்டறிக்கை: 1815 மார்ச் 2க்குப் பிறகு வந்தவர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பெரியவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நிர்வாகக் குழு மாதம் ஒரு தடவை கோயில் மண்டபத்தில் கூடியது. மழை கொட்டிய ஆடியில் மட்டும் கூட முடியவில்லை. வாசிகசாலை, மாலை வகுப்பு, பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் கூட்டறிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. சென்ற வருடம் நாம் எடுத்த தீர்மானத்தைப் பற்றியே இங்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தோட்டத்தின் பழைய பிரட்டுக்களம் (தொழிலாளர் காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் இடம்), அதை ஒட்டிய லயம் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்), மாரியம்மன் கோயில் ஆகிய மூன்றையும் சட்டப்படி பாதுகாக்க வழி தேடுவது என்பதே அந்தத் தீர்மானம்.

வேலையைத் தொடங்கியதும் முதலில் இடித்தது ஒரு தேதி. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், பழம்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்தியவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு தானாகவே உண்டு. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காய்ச்சலிலும் பசியிலும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்து வந்தவர்கள். அவர்கள் இந்த மலையில் கட்டியது, நட்டது, கும்பிட்டது எல்லாமே அந்தத் தேதிக்குப் பிந்தியவை. சில வருடங்கள் பிந்தி வந்ததால் இருநூறு வருட வாழ்க்கை முழுவதும் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இதை வாசித்த அன்று குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஆனால் கதவு முழுதாக மூடவில்லை. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பிற்காலத்து நினைவுச்சின்னம் ஒன்றையும் அமைச்சர் வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்துப் பாதுகாக்கலாம். ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்கள் பல இப்படித்தான் பாதுகாப்புப் பெற்றன. துரைமார் கட்டிய பங்களாவுக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு, அந்தப் பங்களாவுக்குக் கல் சுமந்தவர்களின் லயத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அப்புறம் வேலை மும்முரமானது. இளைஞர்கள் மூன்று இடங்களையும் அளந்து படம் எடுத்தார்கள். முதியவர்களிடம் பிரட்டுக்களத்தின் கதையைக் கேட்டுப் பதிந்தோம். விடிய முன் தப்பு மேளச் சத்தம் கேட்டு எழும்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகளைப் பார்க்கும் அறையில்) விட்டு, பெயர் கொடுக்க ஓடிவந்த அம்மாமார் அந்த இடத்தில் நின்றே அதைச் சொன்னார்கள். நமது பகுதியில் ஏற்கெனவே பிரகடனப்படுத்தப்பட்ட சின்னங்கள் எவை என அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கெடு கடந்து, நினைவூட்டிய பிறகே பதில் வந்தது, அதுவும் சிங்களத்தில் மட்டும். தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருப்பதைக் காட்டி மறுபடி எழுதினோம், தமிழில் வந்தது. பட்டியலில் தோட்ட மக்களுடையது என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

லயத்தைப் பற்றி நமக்குள் நடந்த வாக்குவாதத்தையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். “பத்தடி காம்பராவுக்குள் மூன்று தலைமுறை மூச்சுமுட்டிக் கிடந்தோம். அதை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? இடித்துப் போட்டு எங்களுக்குக் காணியும் வீடும் வாங்கித் தாருங்கள்” என்று ஓர் அக்கா எழுந்து கேட்டார். அவர் கேட்டது நியாயம். மூன்று கூட்டங்கள் பேசிய பிறகே முடிவுக்கு வந்தோம். யாருடைய வீட்டுத் திட்டமும் இதனால் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது. அங்கே குடியிருப்போர் எல்லோருக்கும் சொந்த வீடு கிடைத்த பிறகு, ஒரே ஒரு வரிசை மட்டும் நிற்கட்டும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒரு லயத்திலேயே இயங்குவதைப் போய்ப் பார்த்தோம். அந்த அக்காவும் வந்தார். அங்கே ஒரு காம்பராவுக்குள் வெகுநேரம் நின்றுவிட்டு, “பேரப்பிள்ளைகளுக்குக் காட்டணும்” என்றார்.

காணி அரசுடையது, நிர்வாகம் 1992 முதல் குத்தகைக் கம்பனிகளிடம். அதனால் இரு தரப்புக்கும் கோரிக்கை அனுப்பியிருக்கிறோம். எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை.

அடுத்தது காமன் கூத்து, மன்மதன் கதையை நாம் ஆடும் கூத்து. மாசியில் கம்பம் ஊன்றியதிலிருந்து மன்மதன் எரியும் இரவு வரை நம் பிள்ளைகள் ஆடியதை, வெளியிலிருந்து வந்த ஒரு குழு படம்பிடித்து, விளம்பரம் ஒன்றில் போட்டிருந்தது. எந்த ஊர், யாருடைய கூத்து என்று ஒரு சொல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது; எந்தச் சமூகத்திடமிருந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும் என்கிறது. இதைச் சொல்லி எழுதினோம். அவர்கள் வருத்தம் தெரிவித்து, தோட்டத்தின் பெயரையும் ‘மலையகத் தமிழர் கூத்து’ என்பதையும் சேர்த்தார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டோம்.

யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலில் இலங்கையிலிருந்து 2018இல் நூல்பாவைக் கூத்தும் 2021இல் தும்பறைப் பாய் நெசவும் இடம்பிடித்தன. தும்பறை நமக்குப் பக்கத்து மலைதான். காமன் கூத்தையும் முதலில் தேசிய மட்டத்தில் பதியச் செய்ய வேண்டும். அதற்காக நம் கூத்து வாத்தியார் வைத்திருந்த கூத்துக் கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து முடித்தோம். அந்த வேலை முடிந்த சில வாரங்களில் வாத்தியார் காலமானார். இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருந்தால், எந்தப் பாட்டு எந்தக் கட்டத்தில் வரும் என்று சொல்ல ஆள் இருந்திருக்காது. அவருக்காகச் சபை ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு வேண்டுகிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தபால், படப்பிரதி, பயணம் ஆகியவற்றுக்குத்தான் செலவு கூடியது.

தொல்பொருள் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழான விண்ணப்பக் கோவை (கோப்பு) தயார். அதில் ஒவ்வொரு குடும்பத்தின் சம்மதக் கையொப்பமும் வேண்டும். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. தோட்டத்தின் மேற்பிரிவுக் குடும்பங்களின் கையொப்பமே இன்னும் பாக்கி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்