ஏடிஜிக்கு முன்னால் ஒரு பச்சை மூடிக் குழாய்

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விடவில்லை, பால்வெட்டு பாதி நாள் நின்றுபோகிறது. நீ கேட்டதற்கு வருகிறேன். எலும்பு மஜ்ஜை செயலிழந்த பிள்ளைக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஏடிஜி மருந்தைத் தொடங்குவதா, மரபணு முடிவுக்குக் காத்திருப்பதா?

எல்லாவற்றுக்கும் காத்திருக்க முடியாது. ஆனால் குரோமோசோம் உடைவுச் சோதனை வராமல் தொடங்காதே. பரம்பரையாக வரும் ஃபான்கோனி ரத்தசோகையைக் காட்டிக்கொடுப்பது அதுதான். அந்த நோய்க்கு ஏடிஜி பலன் தராது, கிருமித்தொற்று ஆபத்துதான் மிஞ்சும். தெரியாமல் மஜ்ஜை மாற்றுக்குப் போவது இன்னும் கொடுமை. மாற்றுக்கு முன் கொடுக்கும், மற்றப் பிள்ளைகள் தாங்கும் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைட் மருந்து இவர்களின் உயிரையே எடுத்துவிடும். டிஎன்ஏவில் அது போடும் முடிச்சை அவிழ்க்க இவர்களின் செல்லுக்குத் தெரியாது. கட்டைவிரல் ஒழுங்காக இருக்கிறது, தோலில் காப்பி நிறத் திட்டு இல்லை என்று விட்டுவிடாதே. வெளியே ஒன்றும் தெரியாத ஃபான்கோனிப் பிள்ளைகளும் உண்டு.

சோதனை கெடுவது பெரும்பாலும் குழாயில்தான். பச்சை மூடி ஹெப்பரின் குழாயில் எடு. ஊதா மூடி மரபணுவுக்குச் சரி, செல் வளர்ப்புக்கு ஆகாது. ஐஸில் வைக்காதே, உயிருள்ள செல் வேண்டும். திங்கள், செவ்வாய் காலையில் எடுத்தால் மறுநாளே கோலாலம்பூர் போய்விடும். வெள்ளி மாலை எடுத்தது இரண்டு நாள் கிடந்து வீணாகும். வளர்ப்புக்கு மட்டும் 3, 4 நாள். சந்தேகம் பலமாக இருந்தும் ரத்தத்தில் உடைவு இல்லையென்றால், சில ரத்தச் செல்கள் தாமாகவே பிழையைத் திருத்திக்கொண்டிருக்கலாம். அப்போது தோல் பயாப்சிதான் வழி. எச்சில் உதவாது, அதிலும் வெள்ளணு இருக்கிறது.

குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியரின் நீளத்தையும் கேள். வயதுக்கான அளவில் 1 சதமானத்துக்குக் கீழே இருந்தால் டிஸ்கெரடோசிஸ் என்ற இன்னொரு பரம்பரை நோயின் பக்கம் பார்க்க வேண்டும். தம்பி தங்கை மஜ்ஜை தருவதாக இருந்தால் அவர்களுக்கும் இதே சோதனைகள் முதலில்.

இரண்டும் சுத்தமாக வந்தால் ஏடிஜி பலிக்குமா? சிறிய பிஎன்எச் குளோன் (மேற்பரப்புப் புரதம் சில இல்லாத ரத்தச் செல் கூட்டம்) தெரிந்தால் நல்ல அறிகுறி. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) 25,000, லிம்போசைட் (ஒருவகை வெள்ளணு) 1,000, இரண்டும் இவற்றுக்கு மேல் இருந்தாலும் நம்பிக்கை கூடும். பிகோர், ஏஎஸ்எக்ஸ்எல்1 போன்ற மரபணுக்களில் வரும் மாற்றங்கள் பெரியவர்களிடம் பேசும் அளவுக்குப் பிள்ளைகளிடம் பேசுவதில்லை, அதிகம் சாயாதே. ஏடிஜி குதிரையிலிருந்தும் முயலிலிருந்தும் எடுக்கப்படுகிறது; குதிரை ஏடிஜி கிடைத்தால் அதையே கேள்: 2011 ஆய்வில் 6 மாதத்தில் பலன் கண்டவர்கள் குதிரைக்கு 68 விழுக்காடு, முயலுக்கு 37.

மரபணு அறிக்கையில் 'பொருள் தெளிவில்லை' என்று வந்தால் கைவிடாதே. உலகத் தரவில் நம்மவர்கள் குறைவு, அதனாலும் அப்படி வரும். தாய் தகப்பன் இருவர் ரத்தத்தையும் அனுப்பு. மாமன் மகள், அத்தை மகன் கட்டிய குடும்பமா என்றும் கேள். குற்றம் சொல்வதுபோல் படாமல் கேள், ஏற்கெனவே நொந்திருப்பார்கள்.

ஏடிஜியோடு தரும் சைக்ளோஸ்போரின் தொடங்கினால் லீமாவ் பாலி (பம்ப்ளிமாஸ் பழம்) கூடாது என்று வீட்டில் சொல்லிவிடு. அந்தப் பழத்துக்குப் பேர்போன தம்பூன் பக்கமாதலால் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவு பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகே காலை மருந்து.

அன்புடன்,
உன் பழைய நண்பன்