தரங்கம்பாடியில் கிடைத்த மரியாதை நம் நெடுஞ்சாலையில் கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தரங்கம்பாடியைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில் டேனிஷ் கோட்டை இருக்கும், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இருப்பார், கடல் அரித்த மாசிலாமணி நாதர் கோயில் இருக்கும். அந்த ஊரில் லாட்ஜும் மெஸ்ஸும் நடத்துகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

மாமனாருக்கு எண்பது நிறைந்ததால் இந்த மே மாதம் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து வேன் பிடித்துச் சொந்தபந்தங்களோடு போயிருந்தோம். சடங்கெல்லாம் முடிந்ததும் பெரியவர் கடலைப் பார்க்க வேண்டும் என்றார். பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி இருக்கிறது. மற்றவர்களை வேனில் அனுப்பிவிட்டு, மாமனார் மாமியாரோடு நானும் என் கணவரும் அங்கே தங்கினோம்.

ஊர் ஓய்ந்துபோய்த்தான் கிடக்கிறது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து வியாபாரம் அந்தப் பக்கம் நகர்ந்தது. மாயவரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் 1980-களில் நின்றுபோனது. 2004-ல் சுனாமி வேறு. கோட்டையைச் சுற்றிப் புதுப்பித்த பழைய வீடுகள் சில அழகாக நிற்கின்றன. அவற்றைத் தாண்டினால் உப்புக்காற்றில் உதிர்கிற சுவர்களும், துருவேறிய கிரில் கதவுகளும், பாதி எழுத்து அழிந்த போர்டுகளும்தான் கண்ணில் படுகின்றன.

நாங்கள் போன லாட்ஜின் முகப்பைப் பார்த்ததுமே மாமியார் வேறு இடம் பார்க்கலாம் என்றார். உள்ளே மேஜையில் இருந்த பெரியவரிடம் என் கணவர் முன்பணத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "முதல்ல ரூமைப் பாத்துட்டு வாங்க சார், பிடிச்சா குடுங்க" என்றார். அதோடு விடாமல் குறைகளையும் அவரே வரிசையாகச் சொன்னார். மாடி அறையில் வெயில் நேராக இறங்கும், ராத்திரியும் சூடு அடங்காது. ஏ.சி. இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிடையாது. குழாயில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. "பெரியவங்க குளிக்கிறதுக்கு நல்ல தண்ணி தனியா ரெண்டு குடம் வெக்கச் சொல்றேன்மா" என்று என்னிடம் சொன்னார்.

தண்ணீரைப் பற்றி ஒருவர் தானாகவே உண்மை சொன்னதில் எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டவர்கள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எத்தனை பேர்! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் பல ஊர்கள் நல்ல தண்ணீரைப் பார்த்தன. எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று முன்கூட்டியே சொல்வது எவ்வளவு பெரிய உதவி என்பது நம் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

கீழ்த்தளத்தில் ஓர் அறைதான். மாமனாருக்குப் படி ஏற முடியாது என்று கண்டதும், அங்கே தங்கியிருந்த இளைஞரிடம் பேசி அவரை மாடிக்கு மாற்றினார். அதற்காக அந்த இளைஞரின் வாடகையைக் குறைத்துக்கொண்டார். எங்களிடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததால் கனமான மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். நாங்கள் கேட்டுச் செய்தது எதுவுமில்லை. ஒரு மனிதரைப் பார்த்து, இவருக்கு என்ன கஷ்டமாக இருக்கும் என்று அவரே யோசித்துச் செய்தார்.

சாப்பிடப் போன மெஸ்ஸிலும் இதே குணத்தைப் பார்த்தேன். கடலோரம் வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போவதா என்று மறுநாள் மதியம் மீன் கேட்டோம். மெஸ் நடத்தும் அக்கா இல்லையென்று தலையாட்டினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. "ஐஸ்ல வெச்ச மீன் இருக்கு. வெளியூர்லேர்ந்து ஆசையா வந்திருக்கீங்க, அதைப் புது மீனுன்னு சொல்லி உங்களுக்குப் போட மனசு வரலை" என்றார். வறுத்து மசாலா தடவிக் கொடுத்திருந்தால் மலைக்காட்டுப் பக்கத்திலிருந்து போன எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்காது. நல்ல வியாபாரத்தை விட்டுவிட்டு, மாமனாருக்குச் சாதத்தைக் குழைய மசித்து ரசம் ஊற்றிக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலுக்கு அதில் அச்சடித்த விலைதான் வாங்கினார். கூலிங்குக்குத் தனிக்காசு என்ற பேச்சே இல்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் மாமனாரின் காது மெஷின் தலையணைக்கு அடியில் தங்கிவிட்டது தெரிந்தது. போன் செய்தோம். எடுத்து வைத்திருப்பதாகவும் எங்கள் நம்பரைத் தேடிக்கொண்டிருந்ததாகவும் லாட்ஜ்காரர் சொன்னார். பஞ்சு சுற்றி டப்பாவில் வைத்துக் கூரியரில் அனுப்பினார். கூரியர் ரசீதைப் படம் எடுத்து அனுப்பி அந்தத் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சென்னை, சேலம் பக்கமிருந்து பெங்களூரு போகிற சாலைகள் கிருஷ்ணகிரியில் வந்து சேர்கின்றன. இரவும் பகலும் பஸ்களும் கார்களும் ஓயாத ஊர். கண்ணாடி வைத்த பெரிய உணவகங்கள் வரிசையாக வந்துவிட்டன. நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பஸ் நிற்கிற பல இடங்களில் விலைப்பட்டியல் கண்ணில் படாது, பில் கேட்டால் முறைப்பார்கள், அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவார்கள், வயதானவர் கழிப்பறைக்கு நாலு படி ஏறி இறங்க வேண்டும். கேட்டால் 'கூட்டம்' என்பார்கள். கூட்டத்தில் பரிமாறத் தாமதமாகலாம். விலையை எழுதி வைப்பதற்கும் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

இவர்கள் மறுபடியும் வரப் போகிறார்களா என்ற நினைப்புதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தரங்கம்பாடிக்கு மட்டும் நாங்கள் வாராவாரம் போகப் போகிறோமா? அந்த லாட்ஜ்காரருக்கும் மெஸ் அக்காவுக்கும் அது நன்றாகத் தெரியும். அச்சடித்த விலைக்கு மேல் வாங்கினால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம். நானும் அதைச் சொல்கிறேன், எல்லோரும் செய்ய வேண்டும். ஆனால் குளியலறையில் நாற்காலி போடச் சொல்லி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

சுற்றுலா என்றாலே நம் மாவட்டங்களில் பூங்கா, வளைவு, வண்ண விளக்கு என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. அவை வரட்டும். அதற்கு முன் நெடுஞ்சாலை உணவகங்களிலும், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மீன் கடைகளிலும், ஒகேனக்கல்லிலும் விலைப்பட்டியலை வாசலில் பெரிய எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் கைப்பிடியோடு ஒரு கழிப்பறை வேண்டும். பரிமாறுகிற பிள்ளைகளுக்கு ஒழுங்கான சம்பளமும் உட்காரக் கொஞ்ச நேரமும் வேண்டும். பதினாறு மணி நேரம் நிற்கிற பையனிடம் புன்னகையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாவட்ட நிர்வாகமும் உணவக உரிமையாளர்கள் சங்கத்தினரும் இதைக் கவனிக்க உங்கள் இதழ் எழுத வேண்டும்.

திருக்கடையூருக்கு அறுபது, எண்பது செய்யப் போகிற நம் மாவட்டத்துக்காரர்கள் ஓர் இரவு தரங்கம்பாடியில் தங்கிவிட்டு வாருங்கள். அந்தச் சின்ன லாட்ஜுகளுக்கும் மெஸ்களுக்கும் அந்த வருமானம் போய்ச் சேரட்டும். புது மீன் வேண்டுமானால் ஜூன் பாதிக்குப் பிறகு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிருஷ்ணகிரி