பாண்டவர் படுத்த கல்லும் உப்பு வணிகன் பெயரும்

மேலூர்,
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள மாப்ள,

சௌக்கியமா? தங்கச்சிக்குச் சுகர் குறைந்திருக்கிறது என்று நீ சொன்னதில் பெரிய நிம்மதி. இங்கே கால்வாயில் தண்ணீர் திறந்து பத்து நாளாகிறது. எங்கள் மடைக்கு இன்னும் வந்து சேரவில்லை, ஆனாலும் கிணற்றுத் தண்ணீரை வைத்து நாற்று பாவிவிட்டோம். முழங்கால் வலி குளிர்ந்த நேரத்தில் கொஞ்சம் படுத்துகிறது, மற்றபடி வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

மதுரையைப் பற்றி நீ அனுப்பிய வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். "இதெல்லாம் நிஜமா, நம்ம ஊரைப் பத்தி என் பேத்தி கேட்டா நான் என்ன சொல்றது"ன்னு வாய்ஸ் மெசேஜில் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள். கோயிலுக்கு 3500 வயது என்று அந்த வீடியோக்காரர் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் ஆலவாயை, அதாவது இந்த மதுரைக் கோயிலை, பாடியிருக்கிறார், ஆகவே வழிபாடு மிகப் பழையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் இன்று அண்ணாந்து பார்க்கிற கட்டடங்களில் கிழக்குக் கோபுரம் பாண்டியர் காலத்தது, 13ஆம் நூற்றாண்டு. தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டு. மிச்சத்தில் பெரும்பகுதி நாயக்கர் காலத்து வேலை. நாயக்கர் மகாலை வெள்ளைக்காரன்தான் இடித்தான் என்பதும் தப்பு. திருமலை நாயக்கருடைய பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலைப் பிரித்துச் சாமான்களைக் கொண்டுபோனார், இப்போது நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது ஏறக்குறைய கால்வாசிதான். மகாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறோமே, அதைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். எல்லாருமே யாரோ சொல்லிக் கேட்டவர்கள், உள்ளே போய்ப் பார்த்தேன் என்றவர் ஒருவர்கூட இல்லை.

சரி, இதெல்லாம் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம். யாருக்கும் இதில் நஷ்டமில்லை. என் மனதை அறுக்கிற தப்புகள் வேறு இரண்டு இருக்கின்றன, இரண்டும் நம் வீட்டு வாசலில் இருப்பவை.

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு கீழவளவு மலைக்குப் போனேன். நாம் எட்டாவது படிக்கும்போது சைக்கிளில் திருப்பத்தூர் ரோட்டைப் பிடித்துப் போவோமே, அதே இடம்தான். சுற்றிலும் கிரானைட் வெட்டின பள்ளங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஆனால் அந்தப் பாறையும் அதன் அடியில் குகையும் அப்படியே இருக்கின்றன. ஊரில் எல்லாரும் பஞ்சபாண்டவர் மலை என்றே சொல்கிறார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் இங்கே வந்து தங்கினார்கள், அவர்கள் படுத்த கல் இது என்று நமக்கும் சொன்னார்கள், நாமும் அந்தக் கல்லில் படுத்துப் பார்த்தோம். பேரன் உள்ளே போய் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வந்து கேட்டான்: "தாத்தா, பாண்டவங்க அஞ்சு பேர்தானே, படுக்கை ஏன் இவ்வளவு இருக்கு?"

அறுபது வருஷத்தில் நாம் கேட்காத கேள்வி மாப்ள அது.

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். குகைக்கு மேலே பாறை விளிம்பில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறது பார், மழைத் தண்ணீர் பாறை வழியாக உள்ளே வழியாமல் அந்தக் காடியில் தடைப்பட்டு வெளியே சொட்டுவதற்காக வெட்டியது. படுக்கையில் தலை வைக்கிற இடம் மட்டும் கொஞ்சம் உயரமாக, கல்லிலேயே தலையணை. இதெல்லாம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி சமணத் துறவிகள் தங்குவதற்காகச் செய்து கொடுத்தது. அவர்கள் ஓரிடத்தில் நிலையாக இருக்க மாட்டார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள், ஆனால் மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கியாக வேண்டும். அதற்காக ஊர்க்காரர்கள் செய்து கொடுத்த இடத்துக்குப் பெயர் பள்ளி. படுக்கை என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. செய்து கொடுத்தது யார் என்று தமிழ்ப் பிராமி என்கிற பழைய எழுத்தில் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கீழவளவில் இருப்பது ஒரே ஒரு வரி. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்று சொல்கிறது. தொண்டி கடற்கரை ஊர், அங்கிருந்து ஒருத்தர் இத்தனை தூரம் வந்து இந்தப் பாறையில் துறவிகளுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார். அவர் என்ன தொழில் செய்தார், எதற்காக இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அழகர் மலையில் கிடாரிப்பட்டிப் பக்கம் ஒரு குகை இருக்கிறது, அங்கே இன்னும் நிறையப் பேர். மதுரைப் பொன்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன், அறுவை வணிகன். கொழு என்றால் ஏரில் மாட்டுகிற இரும்பு, நம் அப்பாக்கள் பட்டறையில் அடித்து வாங்கினது. பாணிதம் கரும்புப் பாகு. அறுவை என்றால் துணி. கடைத்தெருவே பாறையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் வருகிறது, ஆனால் அங்கேகூடப் பள்ளியைக் கொடுத்தவன் அவனிடம் பணி செய்த கடலன் வழுதி என்பவன், கூடவே வெள்ளறை என்ற ஊரின் வணிகர் கூட்டமும் கொடுத்திருக்கிறது. (இவன்தான் கோவலனைக் கொன்ற நெடுஞ்செழியனா என்று நீ உடனே கேட்பாய். பாண்டியர்களில் அந்தப் பெயர் வைத்திருந்தவர்கள் பல பேர், நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது மாதிரிதான். பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று என்று முடிச்சுப் போட முடியாது.)

இதை மறந்தது எப்படி என்றும் யோசித்தேன். ஆனைமலையிலும் கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலையிலும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வரைக்கும் சமணச் சிற்பங்கள் செதுக்கி வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள், அதாவது ஆயிரம் வருஷத்துக்குக் குறையாமல் இந்த மலைகளில் ஆள் இருந்திருக்கிறது. அப்புறம் அவர்கள் போய்விட்டார்கள், எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். மிஞ்சியது வழவழப்பான கல் படுக்கை மட்டும். ஆடு மேய்க்கப் போனவர்கள் இது யாருடையது என்று கேட்டிருப்பார்கள், ஊர் ஊராகப் பாரதம் படித்துக் கூத்து நடந்த காலம், காட்டில் அலைந்த ஐந்து பேர் கதை எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெயரை எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882லேயே கண்டுபிடித்தும், இந்தக் குகை எழுத்துகள் தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக் காட்டுகிற வரைக்கும் படித்தவர்களுக்கே அது பிடிபடவில்லை. ஆனால் 1924க்கு அப்புறமும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை டூர் கூட்டிவந்து நிறுத்தி, பீமன் படுத்த கல் இது என்று சொன்னால் எனக்குத் தாங்கவில்லை. உப்பு விற்றவன் தன் காசில் செய்து கொடுத்துத் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான், நாம் அதைத் துடைத்துவிட்டு இந்தப் பக்கமே வராத ஒரு ராஜகுமாரன் பெயரை எழுதுகிறோம்.

இரண்டாவது விஷயம் உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும் இருந்தது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்.

எங்கள் வீட்டில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா முதல் நெல்லை அளக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மரக்காலைத் தொடுவார். அணை வேலை பாதியில் நின்றது, வெள்ளைக்கார அரசாங்கம் காசு தர மாட்டேன் என்றது, அவர் சீமைக்குப் போய்ச் சொத்தையும் மனைவி நகையையும் விற்றுக் கொண்டுவந்து கட்டி முடித்தார் என்று அப்பா சொல்லும்போது கண் கலங்கும். நானும் இத்தனை வருஷம் அப்படியே எல்லாரிடமும் சொன்னேன்.

ரிட்டயர் ஆன பிறகு அதைத் தேடிப் படித்தேன் மாப்ள. அணை கட்டியது அன்றைய சென்னை மாகாண அரசாங்கம், செலவு அரசாங்கச் செலவு. சொத்தை விற்றார் என்பதற்கு ஒரு காகிதம்கூட என் கண்ணில் படவில்லை. 2021இல் மதுரை நத்தம் ரோட்டில் நூலகம் கட்ட இடம் எடுத்தபோது, அது பென்னிகுயிக் குடியிருந்த வீடு, இடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு கிளம்பியதே, அதுவும் இப்படித்தான். அவர் இறந்தது 1911இல். அந்தக் கட்டடத்தின் வேலையே 1912இல்தான் ஆரம்பித்தது என்று பொதுப்பணித்துறைப் பதிவு இருந்தது. தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே முடிந்துபோகிற விஷயம், அதற்கு எத்தனை நாள் சண்டை.

இதை ஒருநாள் டீக்கடையில் சொல்லிவிட்டேன். நம் பங்காளி முறை ஒருத்தர் சட்டென்று எழுந்துவிட்டார். "அவர் தண்ணியிலதான உன் வயலு விளையுது, நன்றி கெட்டுப் பேசாத" என்றார். எனக்குப் பதில் வரவில்லை, பேசாமல் வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை உனக்குச் சொல்கிறேன்.

மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவது என்கிற யோசனை பென்னிகுயிக் பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முந்தியே நம் ஆட்களுக்கு வந்திருக்கிறது. ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி (மந்திரி) முத்திருளப்ப பிள்ளை 1789இல் ஆட்களை அனுப்பி மலையில் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார், செலவு கைக்கு மீறியது என்று நின்றுபோயிருக்கிறது. 1808இல் கால்டுவெல் என்கிற பொறியாளர் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதினார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் போட்டார். அதற்கப்புறம் 1876 முதல் 78 வரை அந்தப் பெரும் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொல்லுமே, அதில் மதுரைச் சீமை செத்துச் செத்துப் பிழைத்த பிறகுதான் அரசாங்கத்துக்கு அவசரம் வந்தது. 1882இல் வேலை பென்னிகுயிக் கைக்கு வந்தது, 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருஷ ஒப்பந்தம், 1887இல் ஆரம்பித்து 1895 அக்டோபரில் திறந்தார்கள். காட்டாற்று வெள்ளம் கட்டினதை அடித்துக்கொண்டு போகும், மறுபடி அஸ்திவாரத்திலிருந்து வருவார்கள். மலேரியாக் காலத்தில் ஆட்கள் மலையை விட்டு இறங்கிவிடுவார்கள், திரும்ப ஏறுவார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) கல்லும் அத்தனை உயரத்துக்குத் தூக்கிப்போன ஜனங்கள் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் செத்திருக்கிறார்கள். அணைக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

அத்தனை வெள்ளத்துக்கும் நடுவில் கைவிடாமல் நின்று கட்டினார் பாரு, அந்த ஒன்றுக்கே அவருக்குக் கும்பிடு போடலாம், நான் இன்றும் போடுகிறேன், படத்தைக் கழற்றவில்லை. விற்காத நகையை விற்றார் என்று சொல்லித்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்பது இல்லை. ஆனால் ஒருத்தர் வீட்டு நகையில் அணை முடிந்தது என்று கதை சொல்லும்போது, முத்திருளப்ப பிள்ளை போய்விடுகிறார், பஞ்சத்தில் செத்தவர்கள் போய்விடுகிறார்கள், சுண்ணாம்பு சுமந்தவள் போய்விடுகிறாள். என் வயலில் பாய்கிற தண்ணீரில் அவளுக்கும் பங்கு உண்டு என்று அந்தப் பங்காளியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்காக எல்லாக் கதையையும் பிடித்துத் திருத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அழகர் தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்தில் வந்து சேர முடியாமல் கோபித்துக்கொண்டு வண்டியூர் போய்விட்டார் என்று அம்மா சொல்வாள். கோயில் மரபில் அவர் வருவது மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம் கொடுக்க. முன்னே தேனூரில்தான் ஆற்றில் இறங்குவார், திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து மதுரைக்கு மாறியது. ஆனாலும் அம்மா சொன்னதை நான் பேரனுக்கு அப்படியே சொல்கிறேன். இன்றைக்கும் அந்தச் சாபவிமோசனம் நடக்கிற மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர், தேனூர்க்காரர்கள் தொலைந்துபோகவில்லை.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் அம்மா வழியில் கம்பம் பக்கம்தானே? அந்தக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நிறையப் பேர் அணை வேலைக்கு மலை ஏறியிருக்கிறார்கள். உங்கள் பெரியம்மா இன்னும் தெளிவாகப் பேசுகிறார்கள் என்று போன தடவை சொன்னாய். அவர்களுடைய பாட்டியோ பாட்டன் வகையில் யாரோ மேலே போனதாக, திரும்பி வந்ததாக, வராமல் போனதாக வீட்டில் ஏதாவது பேச்சு உண்டா என்று கேள். பெயர் தெரிந்தால் பெயர், இல்லாவிட்டால் எந்த ஊர், என்ன வேலை, அது போதும். உன் போனில் ரெக்கார்ட் பண்ணிக்கொள், அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே இருக்கட்டும், நடுவில் குறுக்கிடாதே.

தை மாதம் அறுவடைக்கு இங்கே வருவாய்தானே, பேத்தியையும் கூட்டிவா. பேரன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான், கிடாரிப்பட்டிக் குகைக்கு எப்போது போகலாம் என்று.

அன்புடன்,
உன் மாப்ள