விக்கிரமனைத் தெரியும், வரைந்தவரைத் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 29 ஓவியர் சங்கரின் நினைவு நாள். 2020-ல் அவர் மறைந்தபோது கொரோனா காலம். அதற்கு 4 நாள் முன்னால்தான் எஸ்.பி.பி. போயிருந்தார், தமிழ்நாடே அந்தத் துக்கத்தில் இருந்தது. சங்கரின் மறைவுச் செய்தி பத்திரிகைகளில் வந்தது, ஆனால் நிறையப் பேர் கண்ணில் படாமலே போய்விட்டது. பார்த்தவர்களில் பலரும் "யார் இந்த கே.சி.சிவசங்கரன்?" என்று கேட்டதை நானே கேட்டேன். அம்புலிமாமா சிறுவர் பத்திரிகையில் விக்கிரமன் வேதாளம் படம் போட்டவர் என்று சொன்னதும் "அடடா, அவரா!" என்றார்கள். படத்தை எல்லோருக்கும் தெரியும், ஆளைத் தெரியாது. இந்த நிலை மாற வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1924-ல் ஈரோடு பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர், பத்து வயதில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். பள்ளியில் இருந்த ஓவிய ஆசிரியர் இவருடைய கையைக் கவனித்து, பி.ஏ. எல்லாம் வேண்டாம், ஓவியக் கல்லூரியில் சேர் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியருக்கு நாம் அத்தனை பேரும் கடன்பட்டிருக்கிறோம். சேர்ந்த இடத்தில் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே அவரேதான். 1946-ல் கலைமகளில் 85 ரூபாய் சம்பளத்துக்கு வேலை. 1952-ல் அம்புலிமாமாவுக்கு வந்தவர் 2012 வரை அங்கேயே வரைந்தார். 60 வருஷம்! அதற்கப்புறமும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, ராமகிருஷ்ண விஜயம் பத்திரிகைக்கு வரைந்துகொண்டிருந்தார். பத்மஸ்ரீ அறிவித்தது 2021-ல், அவர் போன பிறகு.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அம்புலிமாமா, பிறகு ஒவ்வொரு மொழியாகக் கூடிக்கொண்டே போனது. கதையை மொழிக்கு மொழி மாற்றினார்கள், படம் ஒன்றேதான். ஒடிய மொழியில் படித்த பிள்ளையும் கன்னடத்தில் படித்த பிள்ளையும் நாம் பார்த்த அதே ராஜாவைத்தான் பார்த்தார்கள். ஓவியனுக்கு இது லேசான காரியம் இல்லை. இவன் எங்கள் ஊர் ராஜா என்று எல்லோரும் நினைக்க வேண்டும், எந்த ஊருக்கும் அந்நியமாகவும் இருக்கக் கூடாது. அவர் வரைந்த கிரீடம், தூண், தலைப்பாகை, கோட்டை வாசல் எதையும் இது இன்ன நாடு, இன்ன நூற்றாண்டு என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பத் தோன்றும். மாயாஜாலக் கதைக்குப் படம் போடுகிறவருக்கு இதைவிடப் பெரிய திறமை வேறு என்ன இருக்க முடியும்? கதையில் ராட்சசன் வருகிறான் என்பதை நாம் நம்புவதே, அவன் வந்து நிற்கிற முற்றமும் படிக்கட்டும் நிஜமாகத் தெரிவதால்தான்.

விக்கிரமன் வேதாளத்துக்கு வருகிறேன். பழைய வேதாளக் கதைகள் மொத்தம் 25. பத்திரிகையோ மாதாமாதம் வர வேண்டும். அந்த 25-ஐ வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் அதே சட்டகத்துக்குள் புதுப்புதுக் கதைகளை வைத்துப் பல பத்தாண்டுகள் கொண்டுபோனார்கள். தொடக்கம் அதேதான்: மனம் தளராத விக்கிரமன், மரம், தோளில் உடல், சுடுகாட்டு வழி. முடிவும் அதேதான்: கேள்வி, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்ற மிரட்டல், பதில் சொன்னதும் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம். நடுவில் மட்டும்தான் கதை மாறும். எழுதுகிறவருக்காவது நடுவில் புதிதாக ஏதாவது கிடைக்கும். வரைகிறவருக்கு அந்த முதல் பக்கம் எப்போதும் அதே பக்கம்தான், அலுக்காமல் எப்படித்தான் வரைந்தாரோ என்று நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

அந்தப் படத்தை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். உருவின வாள், தோளில் கிடக்கும் உடல், காலடியில் மண்டை ஓடுகள், சுற்றிலும் இருட்டு. நம் கண் முதலில் போவது வேதாளத்திடம். ஆனால் படத்தைத் தாங்கி நிற்பது ராஜாவின் நடை. தோளில் பாரம் இருக்கிற மனிதன் உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பான், எந்தக் காலில் எடை விழும், வாள் பிடித்த கை எவ்வளவு விலகி நிற்கும், எல்லாவற்றையும் அந்தக் கோடு சொல்லிவிடுகிறது. அவனுக்குப் பயம் இல்லை என்று எங்கேயும் எழுதிவைக்க வேண்டியதில்லை. உடம்பு முறுக்கிக் காட்டுகிற வீரன் இல்லை அவன், நடந்துகொண்டே இருக்கிறவன். அதனால்தான் இன்றைக்கும் ஏதாவது ஒரு காரியத்தில் விடாமல் முட்டி மோதுகிறவரைப் பார்த்தால் "விக்கிரமன் மாதிரி" என்று வாயில் வந்துவிடுகிறது, சொல்லும்போதே அந்தப் படமும் மனசில் வந்து நிற்கிறது.

வாடகை நூல் நிலையத்தில் பைண்டு பண்ணின அம்புலிமாமாக்கள் இருக்கும். அதற்கு வரிசையில் நின்ற தலைமுறை நான். பல பிரதிகளில் எனக்கு முன்னால் படித்த பிள்ளைகள் கலர் பென்சிலால் கோட்டுப் படங்களுக்கு வண்ணம் அடித்திருப்பார்கள், இளவரசிக்குச் சிவப்புப் புடவை, ராட்சசனுக்குப் பச்சை உடம்பு. சில பக்கங்களில் பேனா அழுத்தி வரைந்த தடம் பின்பக்கம் வரை தெரியும், யாரோ அடியில் தாள் வைத்துப் படத்தை நகலெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நூலகக்காரர் இதற்காகக் கத்துவார். எனக்கு என்னவோ அந்தப் பக்கங்கள்தான் ரொம்பப் பிடிக்கும். பார்த்ததோடு நிற்காமல் கையால் தொட்டு வரைந்து பார்க்க வைத்த ஓவியர் அவர். ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காத எத்தனையோ பேருக்கு, துணி மடிப்பு இப்படி விழும், குதிரையின் கால் இங்கே மடியும் என்று முதலில் சொல்லிக்கொடுத்தவை அந்தப் பக்கங்கள்தான். என் தம்பி வேதாளம் பக்கம் வந்தால் படத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் படிப்பான். விரலிடுக்கில் எட்டிப் பார்க்காமலும் இருக்க மாட்டான்.

1985-ல் ராமானந்த் சாகர் இந்தியில் விக்கிரமன் வேதாளத்தைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். அதை ரசித்தவர்கள் ஏராளம். ஆனால் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு மனசில் இருந்தது வேறு முகம், அதை எந்த ஒப்பனையும் அசைக்க முடியவில்லை. அரசியல் கேலிச்சித்திரங்களில் இன்றும் ஒருவர் தோளில் இன்னொருவரை ஏற்றி, கையில் ஒரு வாளைக் கொடுத்தால் போதும், விளக்கமே வேண்டாம். தமிழர்கள் மட்டும் இல்லை, இந்தியாவின் பாதி மொழிகளில் படித்தவர்களுக்கு அது புரியும். ஒரே ஒரு ஓவியம் இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது நம் நாட்டில் அபூர்வம்.

சங்கரைப் பற்றிப் பேசும்போது அம்புலிமாமாவின் இன்னொரு ஓவியரான சித்ராவை விட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது. இருவரும் சேர்ந்துதான் அந்தப் பத்திரிகையின் கண்ணாக இருந்தார்கள். வட்டாதி பாப்பையா, எம்.டி.வி.ஆச்சார்யா இவர்களின் அட்டைப் படங்களும் அப்படித்தான். சங்கர் அவர்களில் நீண்ட காலம் இருந்து வேலை பார்த்தவர், அதனால் அவர் பெயரைச் சொல்லும்போது மற்றவர்களும் கூடவே வந்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஃபிராங்க் ஃபிரசெட்டா என்று ஒருவர் இருந்தார். வாளும் மந்திரமும் கலந்த கதைப் புத்தகங்களுக்கு அட்டைப் படம் போட்டவர், 2010-ல் மறைந்தார். அவருடைய ரசிகர்கள் கதையைவிட அட்டைக்காகவே புத்தகம் வாங்கினார்கள் என்பார்கள். அவர் ஓவியங்களைப் பார்க்க பென்சில்வேனியாவில் குடும்பத்தாரே நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. 2019-ல் அவருடைய ஓர் ஓவியம் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விலைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று அட்டையில் பார்த்ததன் மூலத்தை நேரில் போய், தூரிகை எங்கே நின்றது எங்கே திரும்பியது என்று கிட்டே நின்று பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டாமா? கதைக்கு வரைந்த படம், அதுவும் குழந்தைகள் பத்திரிகைக்கு வரைந்தது, கலையில் சேர்த்தி இல்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எனக்கு அது சுத்தமாக ஒப்பவில்லை. ஒரு கண்காட்சி அரங்கில் ஓவியத்தைப் பார்த்தவர்களைவிட சங்கரின் ஒரு மாதப் படங்களைப் பார்த்தவர்கள் எவ்வளவோ அதிகம், பார்த்தவர்கள் இன்னும் மறக்கவும் இல்லை.

அம்புலிமாமா 2007-ல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது, சில ஆண்டுகளில் இதழே நின்றும் போனது. இனி மிச்சம் இருப்பது பழைய பிரதிகள். அவை மலிவான தாளில் அச்சடித்தவை, தொட்டால் ஓரம் உதிர்கிறது. இணையத்தில் ரசிகர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடி நன்றி. ஆனால் இது ரசிகர்கள் தலையில் மட்டும் விட்டுவிடுகிற வேலை இல்லை. உரிமை யாரிடம் இருந்தாலும் சரி, அவரிடம் பேசி, நல்ல தாளில், பெரிய அளவில், சங்கர், சித்ரா படங்களை ஆண்டு வாரியாகத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும். அவர் படித்த சென்னை ஓவியக் கல்லூரியில் அவருக்காக ஓர் அறை ஒதுக்கினால், அங்கே இன்று படிக்கிற மாணவர்களுக்குத்தான் முதல் லாபம், கோட்டால் மட்டும் கதை சொல்வது எப்படி என்று அவர்கள் தினமும் பார்த்துப் படிக்கலாம். வீட்டில் பரண் மேல் பழைய அம்புலிமாமா வைத்திருப்பவர்களே, தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி பழைய இதழ்களைக் காப்பாற்றுகிற இடங்கள் இருக்கின்றன, முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு ஆசிரியரே. அவருடைய நினைவு நாளிலாவது உங்கள் சிறுவர் பக்கத்தில் சங்கரின் படம் ஒன்றை, உரிமை வாங்கி, பெயரோடு வெளியிடுங்கள். அப்புறம், இப்போது உங்கள் பத்திரிகையில் கதைகளுக்குப் படம் போடுகிற இளைஞர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பெயரைப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் போடாமல், கதாசிரியர் பெயருக்கு அடுத்து அதே அளவில் போடுங்கள். வருகிற ஞாயிறு இதழிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
அம்புலிமாமா படித்து வளர்ந்த ஒரு வாசகர்