நம்ம ஊர் முதியோர் இல்லத்துக்கு ஒரு நர்ஸ்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஹவுராவில் ரயிலேறி, வைத்தியத்துக்காகக் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். 1900-இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கி, அது சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்த வேலூர் இது. இங்கிருந்து ஆட்டோவில் கால்மணி நேரம்தான் நம்ம முதியோர் இல்லம். அங்கே 34 பேர் டாக்டர் முகம் பார்ப்பதே அபூர்வம்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒருவரை ஓ.பி.க்குக் கூட்டிப்போனால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும், துணைக்கும் ஆள் வேண்டும். பகலில் இருப்பதே மூன்று ஆயாக்கள். ஒருவர் போய்விட்டால், படுத்த படுக்கையாய் இருக்கும் 9 பேரைப் புரட்டிப்போட யார்? "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போகிறது.

போன கத்திரி வெயிலில் ஒரு பாட்டி திடீரென்று செத்துப்போன தங்கச்சியைக் கூப்பிட ஆரம்பித்தார். வயசாச்சு, புத்தி தடுமாறுது என்று விட்டுவிட்டோம். குழுவில் இருக்கும் நாங்களும்தான். நாலாம் நாள் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சல், கடுப்பு எதுவுமில்லாமல் இப்படிக் குழப்பமாகவும் அது தலைகாட்டும். தாகமும் சரியாகத் தெரியாது. தண்ணீரை நாம்தான் ஞாபகமாகக் கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்ததும் பாட்டி தெளிந்துவிட்டார். அந்த நாலு நாளை எங்களால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்தபின் பிரஷர், சுகர் மாத்திரைக்கு அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால், சாப்பிடாமல் படுத்துவிட்டவருக்கு அன்றைக்குச் சுகர் மாத்திரை கொடுக்கலாமா? கேட்டுச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஒரு முழுநேர நர்ஸ், வாரம் ஒருமுறை வரும் டாக்டர். இரண்டுக்கும் மாதம் 35,000 ரூபாய் ஆகும். 175 குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் போதும். படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட் ஆறு வேண்டும், அது தனி. (ஏர் பெட் வந்தாலும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டத்தான் வேண்டும். அதனால் முதலில் ஆள்.)

பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பாதிப் பேருக்குச் சுகர், லட்டு வேண்டாம். இந்த வருஷம் அந்தப் பணத்தை நர்ஸ் சம்பளத்துக்குக் கொடுங்கள்.

பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 80ஜி வரிச்சலுகை இன்னும் கிடைக்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கணக்கு இல்லத்து வாசலில் ஒட்டப்படும்.

ஆவணி பிறந்ததும் நர்ஸ் வேலைக்குச் சேர வேண்டும். ஆடியில் வேண்டாமென்று பாட்டிகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
முதியோர் இல்ல மருத்துவ உதவிக் குழுவினர்