மூன்று நாள் உனக்கும் உண்டு, தம்பி

சாட்ஸ்வர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே நலம். குளிருக்கு அப்பாவின் முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. ஆடி பிறந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாரியம்மனுக்குக் கஞ்சி. உன் பெரியம்மா இந்த வருஷமும் அண்டாவைத் தானே தூக்குவேன் என்கிறாள், யார் சொன்னாலும் கேட்பதில்லை. எழுத இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் பாப்பாவுக்கு மறுபடியும் இழுப்பு என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இப்போது எப்படி இருக்கிறாள்? இழுப்பு மருந்துப் பம்பு அடிக்கும்போது ஸ்பேசர் குழாயை வைத்துத்தானே அடிக்கிறீர்கள்? மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியிருக்க வேண்டும். அவள் திமிறுகிறாள் என்று பாதியில் எடுத்துவிடாதே. மடியில் உட்காரவைத்து, மெதுவாக மூச்சு விடட்டும் என்று பொறுத்திரு. ஜோஹன்னஸ்பர்க் குளிர் வறண்ட குளிர், இங்கே மாதிரி கடல் காற்றின் ஈரம் அங்கே கிடையாது. ஹீட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதே. டாக்டரிடம் போனால் உடம்பு சரியில்லை என்று சீட்டு வாங்காமல் வராதே, பாப்பா பேரில் எழுதச் சொல்.

போன வாரம் மருமகளோடு பேசினேன். எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு அத்தை" என்றாள். என்னோடு அரை மணி நேரம் குறையாமல் பேசுகிற பெண். உங்கள் இரண்டு பேர் விஷயத்தில் நான் தலையிடவில்லை, கேட்கவும் போவதில்லை. சம்பந்தி அம்மா சொன்னதை மட்டும் சொல்கிறேன். இந்த வருஷம் பாப்பா படுத்தபோதெல்லாம் லீவு போட்டது அவள்தானாம். ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்களாம். வேலையை விட்டுவிடலாமா என்று தன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். உன்னிடம் சொன்னாளா?

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் யூனியனில் இருக்கிறாள் அல்லவா, அவளை உட்காரவைத்து எல்லாம் கேட்டேன். 1997-இல் வந்த வேலை நிபந்தனைச் சட்டத்திலேயே குடும்பப் பொறுப்பு லீவு என்று ஒன்று இருக்கிறதாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வருஷத்துக்கு மூன்று நாள், சம்பளத்தோடு. ஒரே இடத்தில் நாலு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருக்க வேண்டும், வாரத்தில் நாலு நாளாவது போக வேண்டும், அவ்வளவுதான். புது கம்பெனியில் உனக்கு நாலு மாதம் எப்போதோ தாண்டிவிட்டதே. சட்டத்தில் அம்மாவுக்கு என்று எழுதவில்லை தம்பி, வேலை செய்கிறவருக்கு என்றுதான் இருக்கிறது. அவளுக்கு மூன்று, உனக்கு மூன்று. உன்னுடைய மூன்றையும் நீ தொடவில்லை என்றால் வருஷம் முடிந்ததும் அது போய்விடும், அடுத்த வருஷத்துக்குச் சேராது.

முழு நாளாகத்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நாளில் கொஞ்ச நேரம் மட்டும்கூட எடுக்கலாம். காலையில் அவளுக்கு மீட்டிங் என்றால் நீ இரு. மதியம் அவள் வந்ததும் நீ ஆபீசுக்குப் போ. இரண்டு பேரும் ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து, இந்த வாரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற கிரெஷிலிருந்து கூப்பிட்டால் யார் போவது என்று நாள் நாளாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிரெஷில் முதல் நம்பராக உன் நம்பரைக் கொடு. அம்மா நம்பர் முதலில் இருந்தால் எப்போதும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

பாப்பாவுக்காக அவள் தன் பேரில் சிக் லீவு போட்டிருந்தால் இனி வேண்டாம் என்று சொல். அது அவளுக்கே உடம்பு முடியாதபோது எடுக்க வேண்டியது. வாரம் ஐந்து நாள் வேலைக்கு மூன்று வருஷத்துக்கே 30 நாள்தான். அதைப் பிள்ளைக்குக் கரைத்துவிட்டு அவள் படுத்தால் என்ன செய்வாள்? பொய் சொன்னாள் என்று பேரும் வரும். கம்பெனி அத்தாட்சி கேட்கலாம், அதனால்தான் பாப்பா பேரில் சீட்டு வாங்கு என்கிறேன்.

சம்பந்தி அம்மாவைக் கூப்பிட முடியாது. அவரும் வேலைக்குப் போகிறவர், பேரப்பிள்ளை படுத்தால் பாட்டிக்கு இந்தச் சட்டத்தில் லீவு கிடையாது. நான் பஸ் ஏறி ஒரு வாரம் வந்துவிடுவேன், ஆனால் அப்பாவைத் தனியே விட்டு அதற்கு மேல் இருக்க முடியாது, உனக்கே தெரியும்.

உன் சின்ன வயசில் எனக்கும் அப்பாவுக்கும் இப்படி ஒரு சட்டம் இல்லை. தையல் ஃபேக்டரியில் நான் ஒரு நாள் நின்றால் அந்த நாள் கூலி போச்சு. அப்பா போர்ட்டில் நைட் ஷிஃப்டை மாற்றிக் கேட்டு வாங்கினார். விடிகாலையில் வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உன்னை என்னிடமிருந்து வாங்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்வார். படுக்கவைத்தால் உனக்கு இழுப்பு கூடும். நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். ஆம்பிளை பிள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தெருவில் பேசினார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நீ அந்தத் தோளில் வளர்ந்த பிள்ளை.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்தாய் என்று இந்தத் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன். வீட்டுக் கடன் பாண்டு கட்ட இரண்டு சம்பளம் வேண்டும் என்பதும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், அவள் வேலையை விடும்படி ஆகவிடாதே. ராத்திரியெல்லாம் படித்துப் பரீட்சை எழுதிய பெண். 2025 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றமே, பிறந்த குழந்தைக்கான நாலு மாதமும் பத்து நாளும் லீவை அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. நீதிபதிகளுக்குப் புரிகிறது, உனக்குப் புரியாதா?

பாப்பாவுக்கு அடுத்த தடவை இழுத்தால் நீ லீவு போடு. அவள் கேட்கும்வரை காத்திருக்காதே. நாளைக்கே உன் மேனேஜரிடம் இந்த லீவுக்கு எந்த ஃபாரம் என்று கேட்டு வை, காய்ச்சல் வந்த பிறகு தேடாதே. சம்பந்தி அம்மா என்னிடம் சொன்னது மருமகளுக்குத் தெரிய வேண்டாம், நீயாகச் செய்ததாகவே இருக்கட்டும். டாக்டர் சீட்டை மறக்காதே. சனிக்கிழமை அப்பா போன் பண்ணுவார், பாப்பாவையும் பேசவை.

அன்புடன்,
அம்மா